யாரைத் தொடக் கூடாது

போக்கர் மேசையில் சிப்ஸை இருபது இருபதாக அடுக்கி வைப்பது வழக்கம். ஓர் அடுக்கின் உயரம் கண்ணுக்குப் பழகிவிட்டால், எதிரே இருப்பவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை எண்ணாமலே சொல்லிவிடலாம். மதிப்பு கூடிய சிப்ஸை எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னால் வைக்க வேண்டும் என்பது விதி. சில்லறைச் சிப்ஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் டீலரே எச்சரிப்பார். அன்று இரவு என் முன்னால் 25,000 மதிப்புள்ள சிப்ஸ் மூன்று முழு அடுக்கு நின்றது. உதிரியையும் சேர்த்தால் 16 லட்சம். அந்த மேசையில் அதுதான் உயரம்.

பணஜியில் மாண்டவி ஆற்றில் நங்கூரமிட்டு நிற்கும் கேசினோ கப்பல்களில் ஒன்று அது. 150 பேர் கட்டணம் கட்டி உட்கார்ந்த போட்டி, ஆறு பேருக்கு வந்திருந்தது. தொடங்கும்போது ஆளுக்கு 30,000 சிப்ஸ் என்பதால் மேசையில் இருந்தது மொத்தம் 45 லட்சம். அதில் என்னுடையது 16. எனக்கு இடப்பக்கம் இருந்தவரிடம் 12. மிச்சம் 17 லட்சத்தை நான்கு பேர் பங்கிட்டு வைத்திருந்தார்கள். அதில் கடைசி ஆளிடம் இரண்டரை லட்சம்தான்.

எனக்கு ஏஸும் ராணியும் வந்தன. இரண்டும் இஸ்பேட். பந்தயத்தை ஏற்றி 65,000-க்கு ரெய்ஸ் செய்தேன். இடப்பக்கத்துக்காரர் அவசரமே இல்லாமல் அதை 1,90,000 ஆக ஏற்றினார். மற்றவர்கள் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார்கள். அந்த இடத்தில் நான் சீட்டைப் பார்த்திருக்க வேண்டும், இல்லை அவருடைய அடுக்கைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது என் அடுக்கை. மேசையிலேயே பெரிய ஆள் நான், என்னை எதிர்த்து ஏற்றுகிறானே என்று உள்ளே சூடு ஏறியது. ஆல்-இன், அதாவது என் சிப்ஸ் அத்தனையும் உள்ளே, என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள், தானும் ஈடு வைப்பதாகக் கால் என்றார். அவரிடம் இரண்டு ராஜா.

ஐந்து பொதுச்சீட்டும் விழுந்தன. ஏஸ் வரவில்லை. டீலர் என் அடுக்குகளைத் தன் பக்கம் இழுத்து, 12 லட்சத்தை எண்ணி அவரிடம் தள்ளினார். என்னிடம் 4 லட்சம் நின்றது. அரை மணி நேரத்தில் ஐந்தாம் ஆளாக வெளியே வந்தேன். படகுக்குக் காத்திருக்கும்போது எனக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்த மதுரைக்கார அண்ணனுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"தம்பி, மேசையில உன் கையை ஒடிக்கத் தெம்பு இருந்தது ஒரே ஒருத்தனுக்குத்தான். மத்த நாலு பேரை விட்டுட்டு நீ அவன்கிட்டயே போய் முட்டியிருக்கே."

"சீட்டு நல்லாத்தானே இருந்துச்சு அண்ணே?"

"சீட்டை யாருடா கேட்டா?"

போட்டியின் கடைசிக் கட்டத்தில் பெரிய அடுக்கை எப்படி ஆடுவது என்று நான் கற்றதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது.

நான் கோயம்புத்தூர்க்காரன். ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா மனமகிழ் மன்றத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ரம்மி ஆடுவார். தோற்றாலும் ஜெயித்தாலும் ஆறு மணிக்கு எழுந்துவிடுவார். அவரிடமிருந்து எனக்கு வந்தது சீட்டு ஆசை அல்ல, அந்த எழுந்துவரும் பழக்கம். இந்தத் தொழிலில் நான் இன்னும் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

போட்டிப் போக்கர் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. எல்லோரும் ஒரே கட்டணம் கட்டுகிறோம், ஒரே அளவு சிப்ஸ் வாங்குகிறோம். அந்தச் சிப்ஸைக் கவுண்டரில் கொடுத்துப் பணமாக்க முடியாது. அது தீர்ந்தால் வெளியே. ஒவ்வோர் ஆட்டத்திலும் இரண்டு பேர் சீட்டைப் பார்க்குமுன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம் பிளைண்ட். அது குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஏறிக்கொண்டே போகும். ஆகவே சும்மா உட்கார்ந்திருப்பவனும் தேய்கிறான். நூறு பேர் ஆடினால் பத்து, பதினைந்து பேருக்குத்தான் பரிசு. அதிலும் பெரும்பணம் முதல் மூன்று இடத்துக்குப் போய்விடும். பரிசுக்கு முந்தைய கடைசி இடத்தைப் பபிள் என்கிறோம். நீர்க்குமிழி போல அது எப்போது உடையும் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம்.

இந்த அமைப்பிலிருந்து ஒரு விசித்திரமான கணக்கு பிறக்கிறது: சம்பாதிக்கும் சிப்ஸின் மதிப்பு, இழக்கும் சிப்ஸின் மதிப்பைவிடக் குறைவு. குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எந்த இடத்தில் வரும் என்பதற்கு ஹார்வில் என்ற புள்ளியியலாளர் 1973-இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். அதே வழியில் சிப்ஸைப் பரிசுப் பணமாக மாற்றிப் பார்க்கும் முறையை 1987-இல் மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார். ஐசிஎம் என்று அதைச் சொல்கிறோம். உங்களிடம் மொத்தச் சிப்ஸில் எத்தனை பங்கோ, முதலிடம் வர அத்தனை பங்கு வாய்ப்பு, முதல் ஆளை ஒதுக்கிவிட்டு இரண்டாம் இடத்துக்கும் அதே கணக்கு, இப்படியே கீழ்வரை.

எனக்குக் கண்ணைத் திறந்த கணக்கு இது. நான்கு பேர் மிச்சம். மூன்று பேருக்குப் பரிசு: 50, 30, 20 ரூபாய். என்னிடம் 4,000 சிப்ஸ், மற்ற மூவரிடம் தலைக்கு 2,000. மொத்தச் சிப்ஸில் 40 சதவீதம் என்னிடம் இருக்கிறது. பணமாக மாற்றினால் அது 33 ரூபாய்தான். மற்றவர்கள் ஒவ்வொருவரின் 2,000 சிப்ஸும் 22 ரூபாய் 33 காசு பெறும்.

இப்போது நான் ஒருவரைப் பார்த்து ஆல்-இன் போடுகிறேன். அவர் கால் பண்ணி ஜெயித்தால் அவருடைய 22.33, 33 ஆகும். தோற்றால் பூஜ்யம். அப்படியானால் அவர் 100-க்கு 68 தடவை ஜெயிக்கும் சீட்டோடுதான் கால் பண்ணலாம். சிப்ஸை மட்டும் எண்ணுபவன் 50 போதும் என்பான். அந்த 18-இன் வித்தியாசம் அத்தனையும் பபிள் அவர் தலையில் வைத்த பாரம். பிளைண்டையும் சேர்த்துக்கொண்டால் எண் கொஞ்சம் இறங்கும், ஆனால் பாரம் இறங்காது. இத்தனைக்கும் ஏஸும் ராஜாவும் கையில் இருந்தால்கூட, எதிராளி சீட்டையே பார்க்காமல் ஆல்-இன் போட்டிருந்தாலும் அது வெல்லும் வாய்ப்பு 65 முதல் 67 சதவீதம்தான். எல்லோரும் தவமிருந்து வாங்கும் சீட்டையே அவர் யோசித்துப் போட வேண்டியிருக்கிறது.

அதே மோதலை என் பக்கமிருந்து பார்த்தால், ஜெயித்தால் என் 33, 41 ஆகும். தோற்றால் 22.33-க்கு இறங்கும். எனக்கு 57 தேவை. அதாவது அவர் கால் பண்ணுவதை நானும் விரும்பவில்லை. ஆனால் அவருக்கு வலிக்கிற அளவு எனக்கு வலிக்காது. பெரிய அடுக்கின் பலம் இவ்வளவுதான். நல்ல சீட்டு கூடுதலாக வந்துவிடாது, ஒரு ஜோடி ஏஸ் வருவது எனக்கும் 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான். எதிராளி தன் கட்டணத்தையும் தன் இரண்டு நாள் உழைப்பையும் நினைத்துத் தயங்குகிறார் பாருங்கள், அந்தத் தயக்கத்தில்தான் நான் பிழைக்கிறேன்.

இதை நான் மேசையில் முழுசாக நடத்திப் பார்த்த நாளைச் சொல்கிறேன். 240 பேர் போட்டி. ஆளுக்கு 40,000 சிப்ஸ், மொத்தம் 96 லட்சம். 31 பேருக்குப் பரிசு. 32 பேர் மிச்சம். சராசரி 3 லட்சம். என்னிடம் 9. பிளைண்ட் 5,000, 10,000; இரண்டில் பெரியதான பிக் பிளைண்டில் இருப்பவரே எல்லோருக்கும் சேர்த்து ஆன்டி என்ற கட்டாயப் பந்தயமாக இன்னொரு 10,000-மும் வைக்கிறார். ஆக, யாரும் கை வைக்குமுன்பே நடுவில் 25,000 கிடக்கிறது. நான் 22,000-க்கு ரெய்ஸ் செய்து எல்லோரும் போட்டுவிட்டால் அந்த 25,000 எனக்கு. 22-ஐ வைத்து 25-ஐ எடுக்கும் வியாபாரம். 100-க்கு 47 தடவை மற்றவர்கள் ஒதுங்கினாலே முதல் தேறிவிடும். பபிளில் அவர்கள் ஒதுங்குவது அதைவிட எவ்வளவோ அதிகம்.

அந்தக் கட்டத்தில் எல்லா மேசையிலும் ஆட்டத்தை ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிப்பார்கள். ஒரு மேசை சீக்கிரம் முடித்துவிட்டால் அடுத்த மேசை முடியும் வரை காத்திருக்க வேண்டும். யாரும் வேண்டுமென்றே இழுத்தடித்துப் பிழைத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அந்தக் காத்திருப்பில்தான் நான் ஆட்களைப் படிப்பேன். யார் எழுந்துபோய் அடுத்த மேசையில் எட்டிப்பார்க்கிறார்? யார் நிமிஷத்துக்கொருமுறை திரையில் 'மீதம் 32' என்ற எண்ணைப் பார்க்கிறார்? யார் தன் சிப்ஸை மறுபடி மறுபடி எண்ணுகிறார்? இவர்கள் பரிசுக்குள் போய்விட வேண்டும் என்று ஏங்குகிறவர்கள். நாற்காலியில் சாய்ந்து டீ கேட்பவர் வேறு ஜாதி. அவர் முதல் பரிசுக்கு வந்தவர்.

எனக்கு இடப்பக்கம் ஒரு பெரியவர், 2,80,000 சிப்ஸோடு. இடைவேளையில் பேசும்போது, மகளிடம் சொல்லிவிட்டு வந்ததாகவும் பரிசு இல்லாமல் திரும்பினால் கேலி செய்வாள் என்றும் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். வேறொரு மேசையில் ஒருவரிடம் 35,000 மட்டும் இருந்தது. அவர் போய்விட்டால் நம் பெரியவருக்குப் பரிசு உறுதி. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சிறிய அடுக்கு அங்கே உயிரோடு இருக்கும் வரை இவர் 2,80,000-ஐ ஆபத்தில் வைக்க மாட்டார். புதிதாகப் பெரிய அடுக்கு கிடைத்தவன் பபிளைச் சீக்கிரம் உடைக்கப் பார்ப்பான், சின்னவர்களைத் துரத்துவான். அனுபவம் வந்தவனுக்கு அது நீடிக்கிற ஒவ்வோர் ஆட்டமும் வரவு.

பதினோரு ஆட்டம் அப்படி நடந்தது. ஏழு தடவை ரெய்ஸ் செய்தேன். ஆறு தடவை மேசை ஒதுங்கியது. அதில் ஒருமுறை என் கையில் இருந்தது ஏழும் நாலும். பெரியவர் தன் சீட்டின் ஓரத்தை உயர்த்தி நெடுநேரம் பார்த்தார், பெருமூச்சு விட்டார், போட்டார். ஏழாவது தடவை கடைசி நாற்காலி இளைஞன் ஆல்-இன் போட்டான். யோசிக்காமல் என் சீட்டைப் போட்டேன். 22,000 போனது. பிளைண்ட், ஆன்டி எல்லாம் கழித்து லட்சம் சிப்ஸ் கூடியிருந்தது. ஒரு தடவைகூடச் சீட்டைத் திறந்து காட்ட வேண்டி வரவில்லை. பன்னிரண்டாம் ஆட்டத்தில் அந்த 35,000-காரர் போனார். கூடம் முழுக்கக் கைதட்டல். பெரியவர் எழுந்து நின்று தட்டினார்.

அந்தக் கைதட்டல் எனக்கு எப்போதும் சங்கடம். வெளியே போகிறவர் இரண்டு நாள் உட்கார்ந்து ஒன்றும் இல்லாமல் போகிறார். என் மேசையில் அப்படி ஒருவர் போனால் எழுந்து நின்று கைகொடுப்பேன். என்னிடம் பெரிய அடுக்கு இருப்பது அன்றைய தினத்தின் நிலவரம். அடுத்த வாரம் அந்த வாசலில் நான் நிற்பேன்.

அன்று நான் ஆட்களைப் பிரித்து வைத்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் என்னிடம் இருக்கும் சொத்து அதுதான்.

எட்டு பிக் பிளைண்டுக்குக் கீழே வைத்திருப்பவரைப் பயமுறுத்த முடியாது. அவருக்குக் காத்திருக்க நேரமில்லை; ஓரளவு சீட்டு வந்ததும் மொத்தத்தையும் தள்ளுவார். அவர் பிக் பிளைண்டில் இருக்கும்போது ரெய்ஸ் செய்தால், அவர் தள்ளும்போது கால் பண்ணக்கூடிய சீட்டு என் கையில் இருக்க வேண்டும். 1982-இல் லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு சிப்பிலிருந்து மீண்டு பட்டம் வென்றார் என்று போக்கர்காரர்கள் தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். சின்ன அடுக்கை அலட்சியமாகப் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் அந்தக் கதை எனக்கு நினைவுக்கு வரும். ஏதோ ஒரு சீட்டை வைத்துக்கொண்டு அவரை இரண்டு தடவை இரட்டிக்க விட்டால் என் அடுக்கில் கால்வாசி கரைந்துவிடும்.

பதினைந்து முதல் இருபது பிளைண்ட் வைத்திருப்பவர்கள் ஆபத்தானவர்கள். என் ரெய்ஸுக்கு மேல் அவர்கள் ஆல்-இன் போட்டால் அது எனக்குக் கணிசமான தொகை, அவர்களுக்கும் நல்ல ஆதாயம். ஆட்டம் தெரிந்தவன் அந்த அளவு சிப்ஸோடு என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால் என் கை தானாகக் குறைந்துவிடும்.

இருபத்தைந்திலிருந்து நாற்பது பிளைண்ட் வைத்திருப்பவர்களைத்தான் அழுத்த வேண்டும். அவர்களிடம் இழக்க ஏதோ இருக்கிறது, காத்திருக்க நேரமும் இருக்கிறது. காத்திருக்க முடிந்தவன் காத்திருப்பான்.

என்னளவு வைத்திருப்பவரை, முதல்தரச் சீட்டு இல்லாமல், தொடக் கூடாது. மேசையில் எல்லோருக்கும் நான் எமன் என்றால் எனக்கு எமன் அவர் ஒருவர். நாங்கள் இருவரும் மோதிக்கொண்டால் மகிழ்கிறவர்கள் மற்றவர்கள்தான். கை அசைக்காமல் ஓரிடம் மேலே ஏறுவார்கள். அண்ணன் போனில் சொன்னது இதைத்தான்.

இதற்கு நாற்காலியும் முக்கியம். போக்கரில் சிப்ஸ் பெரும்பாலும் இடப்பக்கம் நோக்கி ஓடும், ஏனென்றால் எனக்குப் பின்னால் முடிவெடுப்பவர் என் முடிவைப் பார்த்துவிட்டு எடுக்கிறார். பெரிய அடுக்குக்காரர் என் வலப்பக்கம் அமர்ந்தால் எனக்கு யோகம். இடப்பக்கம் அமர்ந்தால் என் பாதி ஆயுதம் பிடுங்கப்பட்டது போல. நாற்காலி குலுக்கலில் வருவது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கேற்ப ரெய்ஸைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய அடுக்கை வைத்துக்கொண்டு போட்டியையே நடத்திச் சென்றவர் என்றால் 2006 உலகப் போட்டியில் ஜேமி கோல்டைச் சொல்வேன். 8,773 பேர், ஆளுக்கு 10,000 சிப்ஸ். பல நாள் முன்னிலையில் இருந்து, அதை விட்டுக்கொடுக்காமல் கடைசி மேசைக்கு வந்து, அங்கே எட்டுப் பேரில் ஏழு பேரைத் தானே வெளியேற்றி 1 கோடியே 20 லட்சம் டாலர் வென்றார். அவருடைய ஆட்டத்தில் பிழை சொல்பவர்கள் உண்டு; ஆட்டத்துக்கு நடுவே ஓயாமல் பேசியதையும் சிலர் விரும்புவதில்லை. நான் அந்தப் பதிவைப் பலமுறை பார்த்து ஒன்றைக் கற்றேன். ஒவ்வொரு முறையும் கஷ்டமான கேள்வியை அவர் எதிராளியிடம் தள்ளிவிட்டார். 'உன் போட்டி முழுவதையும் இதில் வைக்கிறாயா?' என்று எதிராளி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி பெரும்பாலும் அவர் பக்கம் வரவில்லை. பெரிய அடுக்கை ஆடுவதென்றால் கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பது. அந்தக் கேள்வி என்மீது திரும்பும் இடத்துக்கு நானே நடந்துபோனால் எத்தனை சிப்ஸ் இருந்தும் வீண். ஏஸ்-ராணியோடு நான் அன்று செய்தது அதைத்தான்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசிக் கட்டம் வரும்போது பத்து, பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். பெரிய அடுக்கு இருக்கும்போது கை சும்மா இருக்காது. சிப்ஸை வெட்டிக் கலக்கும் சத்தம் காதுக்கு இனிக்கும். அந்தச் சத்தத்தில் மயங்கி, தேவையில்லாத ஆட்டத்துக்குள் நுழைந்தவர்கள் நிறைய. நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை பிளைண்ட் ஏறும்போதும் என் அடுக்கை எண்ணாமல் மற்ற ஏழு பேருடையதை முதலில் எண்ணுவேன். என்னுடையதைக் கடைசியில். அன்றைய தவறுக்கு நான் கண்டுபிடித்த மருந்து அது.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது இளைஞன் வேலையை விட்டு வர நினைத்தால், நான் கைகூப்பி வேண்டாம் என்பேன். பரிசுக்குள் நுழையாமல் திரும்பும் நாட்களே இங்கே அதிகம். எனக்கே தொடர்ந்து ஏழு மாதம் ஒரு பரிசும் இல்லாத காலம் உண்டு. பெரிய போட்டிகளுக்குப் போகும்போது கட்டணத்தில் பாதியை நண்பர்கள் போடுவார்கள், பரிசிலும் பாதி அவர்களுக்கு. குடும்பச் செலவுக்கான பணத்தை ஒருநாளும் மேசைக்குக் கொண்டுபோனதில்லை. தமிழ்நாட்டில் ஆன்லைன் ஆட்டத்தில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் மனது கனத்துப்போகும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறன் விளையாட்டு என்று கருதி, தமிழக அரசு விதித்த தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு அத்தனைக்கும் தடைச்சட்டம் நிறைவேற்றியது. இரவெல்லாம் கம்ப்யூட்டரில் நான்கு மேசையை ஒன்றாகத் திறந்து வைத்து ஆடிக் கற்ற தலைமுறை என்னுடையது. அந்தக் கதவு மூடியதில் என் வருமானம் குறைந்தது. ஆனால் எழுந்துவரத் தெரியாதவர்களுக்கு அந்தக் கதவு எப்படிப்பட்ட குழியாக இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஆட்டத்தில் திறமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். கையிலிருக்கும் பணத்தைப் பாதுகாப்பது அந்தத் திறமையின் முதல் பாதி.

அந்த 240 பேர் போட்டியின் இறுதிக்கு வருகிறேன். பபிள் உடைந்த பிறகு அன்றிரவு எஞ்சிய சிப்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, தொகையையும் பெயரையும் எழுதி ஒட்டிக் கொடுத்தோம். மறுநாள் மதியம் பையைக் கிழித்து மறுபடி அடுக்கினோம். இரவு எட்டு மணிக்கு ஏழு பேர். என்னிடம் 30 லட்சம். எனக்கு இடப்பக்கம் 24 லட்சத்தோடு ஒரு பெண்மணி. முகத்தில் எதையும் காட்டாத, அருமையான ஆட்டக்காரர். மற்ற ஐவரிடம் 42 லட்சம், அதில் இருவரிடம் ஆளுக்கு 3 லட்சம்தான். பிளைண்ட் 40,000, 80,000.

எனக்கு ஒரு ஜோடி ஜாக்கி வந்தது. 1,70,000-க்கு ரெய்ஸ் செய்தேன். அவர் 5 லட்சமாக ஏற்றினார். எல்லோரும் போட்டுவிட்டார்கள்.

அதே மேசை, அதே இடப்பக்கம், கிட்டத்தட்ட அதே விகிதம். உள்ளே அதே சூடும் எழுந்தது. இத்தனை வருஷத்திலும் அது அணையவில்லை. கண்ணை மேசையைச் சுற்றி ஓட்டினேன். 3 லட்சம், 3 லட்சம், 9, 12, 15. இவர்கள் ஒவ்வொருவரும் போகப் போக எனக்கு ஒரு படி. அந்தப் பெண்மணி ஒருவரோடு மோதினால் அத்தனை படியும் ஒரே ஆட்டத்தில் சரியலாம். ஜாக்கி ஜோடி நல்ல சீட்டுதான். சீட்டை யார் கேட்டார்கள்? இரண்டையும் கவிழ்த்தபடியே டீலர் பக்கம் தள்ளினேன். அவர் கையில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

இரண்டு மணி நேரம் கழித்து மேசையில் நாங்கள் இருவர் மட்டும். காலியான நாற்காலிகளை ஊழியர்கள் எடுத்துப்போனார்கள். அவர் எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தார். இரண்டு பேர் ஆனதும் அந்தக் குதிரைக் கணக்கு தீர்ந்துபோகும். இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி. அதற்கு மேல் ஒவ்வொரு சிப்புக்கும் அதன் முழு மதிப்பு. அதுவரை தொடாமல் வைத்திருந்தவரை இனித் தொடாமல் முடியாது. ஐம்பது நிமிஷம் ஆடினோம். நான் நன்றாகவே ஆடினேன். அவர் ஜெயித்தார்.

படகுத்துறையில் இறங்கியதும் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ரெண்டாவது அண்ணே" என்றேன். பரிசு எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. ஜாக்கி ஆட்டத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"போடும்போது கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சு அண்ணே."

"நடுங்கட்டும். போட்டேல்ல?"